மடக்கு சைக்கிளும் மேற்குக் காற்றும்

எதிர்காற்றில் ஆள் மாற்றி ஆள் முன்னால் மிதிப்பதுதான் எங்கள் ஹாலந்து வழக்கம். என் கொழுந்தன் வீபெ மட்டும் வருடக்கணக்காக காற்று படாமல் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தே வருவான், ஊர் நெருங்கியதும் முந்திப் போய், "என்ன அண்ணி, மூச்சு வாங்குதா?" என்பான்.

அக்டோபரில் மேற்குக் காற்று பேயாய் அடித்த நாளில், கிழக்கே என்க்ஹாய்சன் ஊரின் படகு அருங்காட்சியகத்துக்கு அவனைக் கூப்பிட்டேன். காற்று முதுகில் தள்ள, என் மடக்கு சைக்கிளைக் கிண்டலடித்தபடியே வந்தான். அங்கே ஒவ்வொரு படகின் முன்னும் நின்று, வேண்டுமென்றே மாலை வரை இழுத்தடித்தேன்.

"திரும்பும்போது எதிர்காத்து அண்ணி, ரயில்லயே போயிடலாம்."

மாலை நெரிசல் நேரத்தில் அவனுடையதைப் போல மடக்க முடியாத சைக்கிளை ரயிலில் ஏற்றவிட மாட்டார்கள். என்னுடையதை மடக்கிக்கொண்டு ஏறினேன்.

"அண்ணி, அப்ப நான்?"

"மிதிச்சு வா வீபெ. ஒளிஞ்சுக்க என் முதுகுதான் இருக்காது."