மனைவி புலம்பல்

ஞாயிற்றுக்கிழமை கல்யாணசுந்தரத்தின் அந்தியேட்டி, செத்து முப்பத்தோராம் நாள் சடங்கு. வெள்ளி மத்தியானத்துக்குள் கல்வெட்டு அச்சகத்துக்குப் போய்விட வேண்டும். செத்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, உறவுகளின் புலம்பல் பாட்டு எல்லாம் சேர்த்து, அந்தியேட்டிச் சாப்பாட்டோடு கையில் கொடுக்கிற அந்தச் சின்னப் புத்தக வேலையைக் குகதாசன் தன் தலையில் தானே அள்ளிப் போட்டுக்கொண்டான். லண்டனில் கல்யாணசுந்தரத்துக்கு அவனைவிடப் பெரிய ரசிகன் யார்?

ஒரு மாதமாக டெலிபோன் ஓயவில்லை. யாழ்ப்பாணத்தில் அவருடைய கால்பந்தடி பார்த்து வளர்ந்து, இப்போது சட்டனிலும் சவுத்தாலிலும் ஷிப்ட் அடிக்கிற ஆம்பிளைகள் விக்கி விக்கி அழுதார்கள். எழுபத்தெட்டாம் ஆண்டு இறுதியாட்டத்தில் கடைசி நிமிடத்தில் அவர் அடித்த கோலை இடது காலால் என்றான் ஒருவன், தலையால் என்றான் இன்னொருவன். குடியையும் சொன்னார்கள், சிரித்துக்கொண்டே. "மனுசன் நிறைவெறியிலையும் பந்தை விடமாட்டான்." அதற்கு மேல் ஒருவரும் போகவில்லை. தெரியாமலா?

குகதாசனுக்கு அது வெறும் கோல் இல்லை. வீடு போய், தம்பியும் போய், பெற்றோல் ஸ்டேஷன் கண்ணாடிக் கூண்டுக்குள் குந்தியிருக்கிறவனுக்கு, தானும் ஒருநாள் சந்தோசமாக இருந்தவன் என்பதற்கு மிஞ்சிய ஒரே சாட்சி அது.

மனைவி புலம்பலையும் அவனே எழுதினான். பெண்சாதியின் வாயால் பாடுவதைப் பெண்சாதியிடம் கேட்டு எழுதுகிற வழக்கம் எங்கே இருக்கிறது? மரியாதைக்கு ஒருமுறை காட்டுவோம் என்றுதான் வெள்ளி காலை வெம்பிளிக்குப் போனான்.

கல்யாணசுந்தரத்தின் பெண்சாதி சிவனேஸ்வரி இரண்டு தரம் வாசித்தாள். 'பூவைப்போல் என்னைப் பொத்திவைத்த என்னவரே' என்ற வரியில் விரலை வைத்தாள்.

"இதைப் போடாதேங்கோ, தம்பி."

"ஏனக்கா?"

"பொத்தி வைச்சவரோ? நீங்கள் கண்டனீங்கள்தானே."

கண்டவன்தான். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, பழைய மாணவர் சங்கப் போட்டிக்கு அவரை ஏற்றிப்போக வந்தபோது, கிழிந்த உதட்டோடு கதவைத் திறந்தவள் இவள். "படியிலை விழுந்திட்டன்" என்றாள். "அண்ணை ரெடியோ?" என்று கேட்டான் குகதாசன். காருக்குள் இருந்த அவன் மனைவி தவநாயகி, "அது படியில்லையப்பா" என்றாள். "வாயைப் பொத்து, இண்டைக்கு மட்ச்" என்றான். அன்றைக்கு இரண்டு கோல். தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடியவனும் இவனேதான்.

"அக்கா, உங்கடை காலிலை விழுறன். முந்நூறு பேர் வருவினம். அவையளுக்கு இது ஒண்டுதான் மிஞ்சிக் கிடக்கு. எனக்கும்."

"எனக்கு என்ன மிஞ்சினது?"

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதிறன்."

"சொன்னால் அச்சடிப்பியளோ?"

குகதாசன் மணிக்கூட்டைப் பார்த்தான். மணி பதினொன்று. பக்கத்தையே எடுத்துவிடுவோம் என்று கெஞ்சிப் பார்த்தான்.

"இல்லை. தலைப்பு இருக்கட்டும், பக்கம் இருக்கட்டும். கீழை ஒண்டும் வேண்டாம்."

அச்சகத்தில் பாட்டு சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தால் போதும். அவள் சண்டைக்கு வரவா போகிறாள்? இத்தனை வருடம் வராதவள். அந்த நினைப்பு வந்ததும் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. எட்டாம் பக்கத்தில் தலைப்பை மட்டும் போட்டுக் கீழே வெறுமையாக விடச் சொல்லிவிட்டு, வாசலில் நின்று ஓவென்று அழுதான்.

ஞாயிறு மண்டபம் நிறைந்திருந்தது. சாப்பாடு முடிய, ஆம்பிளைகள் ஒவ்வொருவராக அவனிடம் வந்தார்கள்.

"குகன், எட்டாம் பக்கத்திலை தலைப்புக்குக் கீழை அச்சு விழேல்லை. அச்சகக்காரனை விடாதை."

"அச்சகத்திலை பிழையில்லை. அக்கா வெறுமையா விடச் சொன்னவ" என்றான் ஒவ்வொருவரிடமும். கேட்டவர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் கோல் படம் இருந்த பக்கத்துக்குத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

மற்றப் பக்கம் பெண்கள் இருந்தார்கள். அவர்களும் எட்டாம் பக்கத்துக்கு வந்தார்கள். கொஞ்சநேரம் பார்த்தார்கள். ஒருத்திகூட எழும்பி வந்து கேட்கவில்லை.

தவநாயகியின் மடியிலும் அந்தப் பக்கம் விரிந்தபடியே கிடந்தது. அவன் பக்கத்தில் போய் இருந்தான்.

"அண்டைக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"ஓம்" என்றாள் தவநாயகி.