ரைதான் ஒசத்தி

சாகும் தறுவாயில் ஒரு மனிதன் கடைசியாகச் சொல்லும் சொல்லில் அவனுடைய வாழ்க்கை முழுவதும் திரண்டு நிற்கும் என்று பாதர் பிரசங்கத்தில் அடிக்கடி சொல்வார். தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் அலோசியஸ் அன்று விடியற்காலை ஐந்தே காலுக்குச் சொன்ன கடைசிச் சொல், "ரைதான் ஒசத்தி."

"ஆமாங்க," என்றாள் மரியநாயகி. இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் அந்த 'ஆமாங்க' அவளுக்கு மூச்சு விடுவதுபோலப் பழகிப்போயிருந்தது. அவர் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. இப்போது அவருடைய தாடையைத் தலையோடு சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். வாய் மூடுவேனா என்றது.

தோட்டத்து மருந்து டிஸ்பென்சர் சூசைரட்ணம் வந்து வயிற்றை ஒரு விரலால் அழுத்தினார். அழுத்திய இடம் அப்படியே குழியாக நின்றது.

"நீர் கோத்த ஒடம்பு, மிஸிஸ் அலோசியஸ். நாளைக்குத் தாங்காது. இன்னைக்கே எடுத்துடணும்."

ஐம்பத்தெட்டாம் வருடம், ஜூன் மாதம். இனக்கலவரத்தால் நாட்டில் அவசரகாலச் சட்டம். மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு. கண்டி கன்னியர் மடத்துப் பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்த மகள் பெற்றீசியா வருவதற்கு பஸ் கிடையாது. ஐந்து மணிக்குள் பெட்டி மண்ணுக்குள் போய்விட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துத்தான் பொலீஸ் அனுமதி தந்திருந்தது. லிந்துலையிலிருந்து பெட்டி வந்துவிட்டது. குழி மட்டும்தான் பாக்கி.

குழி வெட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து நான்கு பேர் பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். வந்தவர்கள் மம்பட்டியைக் குசினிச் சுவரில் சாத்திவிட்டுக் குந்தியிருந்தார்கள். மூத்தவன் அழகுமுத்து தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"குத்தமா நெனைக்காதீங்கம்மா. குழிக்குப் போறவனுக்கு ரெண்டு போத்தல் சாராயம். இது எங்கப்பன் காலத்துலேருந்து வர்ற மொறை. தொண்டைய நனைக்காம மம்பட்டியத் தொட மாட்டோம்."

"சாராயத் தவறணையப் பூட்டி சீல் வச்சிருக்கானே அழகுமுத்து. நான் எங்க போவேன்?"

"களவாக் கசிப்புக் காச்சுறவனும் பயந்துபோய்ப் பானையக் கவுத்துட்டாம்மா," என்றான் செல்லசாமி. அவன் குட்டையான ஆள், வாய் மட்டும் நீளம். "ஆனா ஐயாவோட கண்ணாடி அலுமாரியில ரெண்டு இருக்குன்னு தோட்டமே பேசுதுங்களே."

இருந்தன. அந்த இரண்டும்தான் அலோசியஸின் கீர்த்தி.

ஏழு வருடத்துக்கு முன் பழைய துரையின் பங்களாவில் ஓர் அமெரிக்கத் தேயிலைக்காரர் தங்கிவிட்டுப் போனார். போகும்போது அவர் விட்டுச்சென்ற இரண்டு விஸ்கிப் போத்தல்களில் ஒன்று சோளத்தில் வடித்தது, பெயர் போர்பன். மற்றது ரை என்ற தானியத்தில் வடித்தது, பெயரும் ரை. ஸ்கொட்லாந்துச் சரக்கைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காத துரை, இரண்டையும் கிளாக்கர் கையில் தள்ளிவிட்டு, "எது ஒசத்தின்னு ஒரு நாளைக்குச் சொல்லு," என்று சிரித்தார். மறுவருடம் அவர் சீமைக்குப் போய்விட்டார். அலோசியஸுக்கு அவர் சொன்னது உத்தரவு.

நத்தார், உயிர்த்த ஞாயிறு, அந்தோனியார் திருநாள், மகாராணியின் பிறந்தநாள் என்று வருடத்தில் நான்கு அமர்வுகள். மருந்துக் கரண்டியில் ஒன்றில் ஒரு கரண்டி, வாய் கொப்பளித்து, மற்றதில் ஒரு கரண்டி. டிஸ்பென்சருக்கும் தோட்டப் பள்ளித் தலைமையாசிரியருக்கும் தக்கையை முகர்ந்து பார்க்க மட்டும் அனுமதி. முகர்ந்துவிட்டு இருவரும் தலையாட்ட வேண்டும்.

மூன்றாம் வருடம் உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய நாள் தூசி தட்டும்போது ரைப் போத்தல் மரியநாயகியின் கைதவறிச் சாய்ந்து தக்கை கழன்றது. போத்தல் உடையவில்லை, வினையே அதுதான். உடைந்திருந்தால் அழுது தீர்த்திருப்பாள். தரையெல்லாம் ரை ஓட, போர்பனில் பாதியை ரைப் போத்தலில் ஊற்றினாள். வேலைக்காரி வேலாயியைப் பின்வழியாகத் தவறணைக்கு அனுப்பி, வந்த சாராயத்தால் இரண்டையும் பழைய மட்டத்துக்கு நிரப்பினாள்.

அதற்குப் பிறகுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தனக்குத் துலக்கமாகப் பிடிபடுவதாக அலோசியஸ் சொல்லத் தொடங்கினார். போர்பன் பல்லைக் காட்டுமாம். ரைக்கு முதுகெலும்பு உண்டாம். நான்கு வருடம் அவள் தட்டில் தண்ணீர்க் கிளாசோடு பக்கத்தில் நின்று, "ஆமாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அலுமாரியைத் திறந்து இரண்டு போத்தலையும் முந்தானைக்குள் மறைத்துக் குசினிக்குக் கொண்டுவந்தாள். முன் அறையில் பிரேதத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியரின் குரல் கேட்டது. "அந்த நாக்கு இனி இந்தத் தோட்டத்துக்குக் கிடைக்காது, சூசை."

அழகுமுத்து போர்பனைத் தகரக் குவளையில் ஊற்றி, விரலால் மூன்று சொட்டு மண்ணுக்குத் தெளித்துவிட்டுக் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"பலகை வாசம் வருதுடா."

"அடுத்ததக் குடுங்கம்மா," என்றான் செல்லசாமி. "ஐயா ஏழு வருசமா பாத்ததை நாங்க ஒரு நிமிசத்துல பாத்துடுறோம்." குடித்தான். வாயைத் துடைத்தான். மறுபடியும் முதல் போத்தலில் கொஞ்சம் ஊற்றிக் குடித்தான். அவன் முகத்தில் மெதுவாக ஒரு சந்தேகம் ஏறியது.

"அம்மா, இது ரெண்டும் ஒண்ணுதாங்க."

குசினியில் வேலாயி தேங்காய் திருவுவதை நிறுத்தினாள்.

"அதுலயும் பாதி நம்ம தவறணைச் சரக்கு. எனக்குத் தெரியாததா? பொறந்ததுலேருந்து குடிக்கிறேன்." அவன் உரக்கத்தான் சொன்னான். முன் அறையில் பேச்சு நின்றது.

மரியநாயகி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு ஒரு நாள்தான் அந்த மனிதர் இந்த வீட்டில் இருக்கப்போகிறார். பெட்டி புறப்படும் வரைக்கும் அவர் பெரிய கிளாக்கராகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

"உனக்கென்னடா தெரியும் வெள்ளக்காரன் சரக்கு?" என்றாள், முன் அறைக்கும் கேட்கும்படி. "ரெண்டுக்கும் மலையும் மடுவுமா வித்தியாசம் இருக்கு. சீமைத் துரையே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட நாக்கு அது. நல்லாக் குடிச்சுப் பாரு."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா, சத்தியமா."

"நாக்கக் கொப்பளிச்சுட்டுக் குடி. ஐயா அப்பிடித்தான் குடிப்பாரு." அவளே ஊற்றினாள்.

முன் அறையில் பேச்சு மறுபடியும் தொடங்கியது. இங்கே நால்வரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். வாய் கொப்பளிக்க வேலாயி பால் விடாத சாயத்தண்ணி கொடுத்தாள். கிளாக்கரம்மாவே சொன்ன பிறகு வித்தியாசம் இல்லாமலா போகும்? இரண்டாம் சுற்றில் அழகுமுத்துவுக்கு ரை கொஞ்சம் காரமாகத் தெரிந்தது. மூன்றாம் சுற்றில் செல்லசாமிக்கும் ஏதோ பிடிபட்டது.

"இது வந்து, மண்டையில ஏறுதுண்ணே. அது கால்ல எறங்குது."

"இப்பத்தாண்டா ஒனக்கு நாக்கு தொறந்துருக்கு."

"ரைதான் ஒசத்தி," என்றான் இதுவரை வாயே திறக்காத ஒருவன்.

"போர்பன எறக்கிப் பேசாத. அதோட வாசம் எப்பிடி?"

"மணி பன்னெண்டாச்சு, எந்திரிங்க," என்றாள் மரியநாயகி.

"தீர்ப்பு சொல்லிட்டுப் போயிடுறோம்மா. பாதியில விட்டா ஐயா ஆத்துமா என்னா நெனைக்கும்?"

இரண்டு போத்தலும் காலியானபோது மணி இரண்டேகால். நான்கு பேரும் மம்பட்டிகளைத் தூக்கிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி, மழைக்குள் இறங்கிப் போனார்கள்.

மூன்றரைக்குப் பெட்டி புறப்பட்டது. கோயிலில் ஜெபம் முடிந்து கல்லறைச் சரிவுக்கு வந்தபோது நாலேமுக்கால். சவுக்கு மரத்தடியில் இரண்டு பேர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள். செல்லசாமி ஈர மண்மேட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. அழகுமுத்து மட்டும் குழிக்குள் நின்று வெட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய முழங்கால் வெளியே தெரிந்தது.

டிஸ்பென்சர் குழியைப் பார்த்தார். பிறகு தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் குடைக்கம்பியைச் சரிசெய்தார்.

"பாதர், இன்னும் ஒரு மணித்தியாலம்," என்றாள் மரியநாயகி.

பாதர், காவலுக்கு வந்திருந்த பொலீஸ்காரரைப் பார்த்தார். பொலீஸ்காரர் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றியிருந்தார். "வெலாவ இவரய், நோனா," என்று சிங்களத்தில் சொல்லி, நேரம் முடிந்ததெனக் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

அழகுமுத்துவைக் கைகொடுத்து மேலே இழுத்தார்கள். ஏறியவன் அவளுக்கு எதிரே வந்து நின்று, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "நீங்க சொன்னது சரிங்கம்மா. வித்தியாசம் இருக்கு," என்றான்.

பாதர் தண்ணீரைத் தெளித்தார். பெட்டியை இறக்கினார்கள். கயிற்றுக்கு வேலையே இருக்கவில்லை. மரியநாயகி குனிந்து ஒரு பிடி மண் எடுத்துப் போட்டாள். அது மூடியில் வழுக்கிப் புல்லில் விழுந்தது.

பெட்டியின் மூடி தரைமட்டத்துக்கு நான்கு விரற்கடை மேலே நின்றது.