இரண்டு மணி நேர வேன்

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

வேன் ஒன்றின் உட்புறத்தைச் சுத்தம் செய்ய இரண்டு மணி நேரம் போதும் என்று நான் போட்ட கணக்கு பிழை.

போன மாதம் வரை எங்கள் வாகனம் கழுவும் இடத்தில் வேன்களைச் சுத்தம் செய்யும் மூத்தவர் முபாரிஸ் நானாவுக்கு நாட்சம்பளம் மூவாயிரத்து ஐந்நூறு. வேனுக்குள் எட்டிப் பார்த்து விலை சொல்வதும் அவர்தான். நான் புத்தளத்தில் மாலை வகுப்பில் கணக்கியல் படிப்பதால், முதலாளி ஹாசிம் ஹாஜியார் என்னிடம் விலைப்பட்டியல் கேட்டார். மணிக்கூட்டை வைத்து ஒரு வேனுக்கு நேரம் பார்த்தேன். வேனுக்கு ஆறாயிரம், அதில் முபாரிஸ் நானாவுக்கு ஆயிரத்து எண்ணூறு என்று பலகையில் எழுதினேன். நாளுக்கு இரண்டு வேன் செய்தால் அவருக்கு நூறு ரூபாய் கூடுதல் என்று பெருமையாகச் சொன்னேன்.

இன்று காலை எட்டு மணிக்கு கற்பிட்டியிலிருந்து ஒரு கருவாட்டு வேன் வந்தது. நாளை மறுநாள் கலியாணத்துக்கு ஆள் ஏற்ற வேண்டுமாம்.

"இதுல மாப்பிள்ள போனா, ஊர்ப் பூனையெல்லாம் பின்னால வரும்" என்று முபாரிஸ் நானா சிரித்தார். பிறகு பலகையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

ஆசனங்களைக் கழற்றினார். அவை பொருந்தும் இரும்புத் தண்டவாளத்தில் உப்போடு இறுகியிருந்த மீன் செதில்களைப் பல்துலக்கியால் தோண்டினார். பகல் ஒரு மணிக்கு ஹாஜியார் வந்தார்.

"மகன், மத்த வேன் ஏன் இன்னும் வெயில்ல நிக்குது?"

செதில்களை நான் கண்டிருந்தேன். ஆனாலும் சொன்னேன்: "நானா இன்டைக்கி கொஞ்சம் மெதுவு, ஹாஜியார்."

மூன்று அடி தூரத்தில் வேனுக்குள் பல்துலக்கியின் சத்தம் நின்றது. பிறகு மீண்டும் தொடங்கியது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதுதான் வேலை முடிந்தது. மற்ற வேன்காரர் காத்திருந்து போய்விட்டார். ஆயிரத்து எண்ணூறை நீட்டினேன்.

"தம்பி, நீங்க நேரம் பார்த்தது எந்த வேனுக்கு?"

"ஹாஜியார்ட வேனுக்கு."

"ஓம். அத வெள்ளிக்கு வெள்ளி நான்தானே கழுவுறன்." காசை எண்ணாமலே சட்டைப் பைக்குள் வைத்தார். "பரவால்ல. மெதுவாத்தானே செஞ்சன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

மாலை வகுப்பில் ஆசிரியர் யூஜினி, நான் பயிற்சியாகக் கொடுத்திருந்த விலைப்பட்டியலை எல்லோருக்கும் உயர்த்திக் காட்டி, "நேரம் அளந்து செய்திருக்கிறார்" என்றார். தாளைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

நாளை எட்டு மணிக்கு முன் பலகையை அழிக்க வேண்டும். இன்று நான் சொன்னது பொய் என்று முபாரிஸ் நானாவின் முன்னால் ஹாஜியாரிடம் சொல்ல வேண்டும். இன்றைய குறை ஆயிரத்து எழுநூறையும் பழைய நாட்சம்பளத்தையும் அவருக்காகக் கேட்க வேண்டும்.