ஆறுக்கு ஐந்து

ஓர் அணி என்பது ஒரு நாகரிகத்தின் சுருக்கம் என்றும், அனுபவமும் புது இரத்தமும் அதில் ஆறுக்கு ஐந்து என்ற விகிதத்தில் கலந்துவிட்டால் தோல்விக்கு இடமே இல்லை என்றும் கல்லூரி அதிபர் நிரஞ்சன் காலைக் கூட்டத்தில் முழங்கினார். கையிலிருந்த ஹொக்கி மட்டையை அவர் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

புது இரத்தம் என்பது பாடசாலை மாறி வந்த ஐந்து மாணவிகள். ஐந்து பேரும் சமதரையில் விளையாடிப் பழகியவர்கள். ஹட்டன் பக்கத்து இந்தக் கல்லூரியின் மைதானமோ தேயிலைக்குள் சரிந்து இறங்கும். சரிவின் அடியிலிருந்த கீழ்க்கோலுக்கு முன்னால், புல்லுக்கடியில், மழைத்தண்ணீர் ஓடிய பழைய கானின் விளிம்புக்கல் ஒன்று கிடந்தது. பந்து அதில் பட்டால் இடப்பக்கம் திரும்பும். பழைய பிள்ளைகளுக்கு அது அத்துப்படி.

அணிப் பட்டியலில் டயகம தோட்டத்து சுலக்ஷனாவின் பெயர் இல்லை.

“சேர், மூணு வருஷமா பின்வரிசையில நாந்தாங்க நிக்கிறேன்.”

“அதாம்மா பிரச்சினை. அனுபவத்துக்கு ஆறு எடம். நீ ஏழாவது ஆளு.”

“வெளிய உக்காந்திருந்தா மாகாணத் தெரிவுக்கு எப்படிங்க போறது?”

“பெஞ்சும் அணியோட ஒரு அங்கந்தான்.”

வெளியே வந்தவளிடம் அணித் தோழி நிலக்ஷி சொன்னாள்: “தோட்டத்துல காலையில ஆள் பிரிக்கிற பெரட்டுல பேரு விழலன்னா அன்னைக்கு வேல இல்லடி. வேற தோட்டம் பாரு.”

சுலக்ஷனா பார்த்தாள். நுவரெலியாவில் அவளுடைய சித்தி இருந்தாள். சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியும், அதற்கொரு ஹொக்கி அணியும் இருந்தன. அங்கே மாறிப் போக அவள் கேட்ட விடுகைப் பத்திரத்தை, சமநிலை பற்றிய இரண்டு உரைகளுக்கு நடுவில், அதிபரே நிரப்பிக் கையெழுத்திட்டார். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவருக்கு நேரமில்லை.

அடுத்த மாதம் நுவரெலியா அணி இங்கே விளையாட வந்தது. சுலக்ஷனாவை அவர்கள் முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். கோல் எதுவும் விழாமல் ஆட்டம் முடியும் தறுவாயில், கீழ்க்கோலுக்கு எதிரே பந்து அவளிடம் வந்தது. அவள் கோலைப் பார்க்கவில்லை, புல்லைப் பார்த்தாள்.

“ரிஸ்னா, கல்லு! கல்லப் பாரு!” என்று நிலக்ஷி கத்தினாள்.

“எந்தக் கல்லு?” என்றாள் புதிதாக வந்த பின்வரிசைக்காரி ரிஸ்னா. அதற்குள் பந்து திரும்பி, அவளைத் தாண்டி வலைக்குள் கிடந்தது.

ஆட்டம் முடிந்ததும் அதிபர் நடுவரிடம் ஓடினார். “அது எங்க பிள்ளைதாங்க! மூணு வருஷ அனுபவம்! ஆசை காட்டிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க!”

நுவரெலியா ஆசிரியை கோப்பைத் திறந்து, விடுகைப் பத்திரத்தின் பிரதியை எடுத்து நடுவரிடம் நீட்டினார். நடுவர் அதைச் சத்தமாக வாசித்தார்.

நடத்தை என்ற இடத்தில் ‘நன்று’ என்றிருந்தது. விளையாட்டு என்ற இடத்தில், அதிபரின் கையெழுத்திலேயே, ‘ஈடுபாடு இல்லை’ என்றிருந்தது.