யாரும் கேட்காத தண்ணீர்

அனிமே என்னும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களை வைத்துச் செய்யும் கேம்கள் பெரும்பாலும் தண்டம். தொடரின் பெயர் சூடாக இருக்கும்போதே விற்றுவிட வேண்டும் என்று அவசர அவசரமாகச் செய்து தள்ளுவார்கள். முகம் அதே முகம், முடி அதே முடி, உள்ளே உயிர் இருக்காது. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் இது கார்த்திக்குக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக வீட்டிலிருந்தே அந்த மாதிரி கேம்களை ஆடிப் பார்த்துக் குறை சொல்வதுதான் அவன் வேலை. அதுவும் இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஆகாவிட்டால் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் அவனுடைய நைனா வேதாசலத்தின் பாடு இவன் பெயருக்கு மாறிவிடும். பாடு என்றால் முறை. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் மட்டும்தான் வலை போடலாம். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். நைனாவுக்குத் தோள் போய்விட்டது. பாடு பெயருக்கு வந்தால் சாகும்வரை ஏரிதான். வேண்டாமென்றால் பங்காளிக்குப் போய்விடும், திரும்பி வராது. ஏரிக்குப் போகக் கூடாதென்றே கார்த்திக் ராப்பகலாகக் கேம் ஆடினான்.

இந்த முறை வந்தது அவன் உயிராக நினைக்கும் தொடரின் கேம். நாயகன் மீன் பிடிக்க வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஒரு படகு நின்றது. அது போகட்டும் என்று கார்த்திக் காத்திருந்தான். சாப்பிட்டுவிட்டு வந்தும் பார்த்தான். நகரவில்லை. கேம் இங்கே நின்றுவிடுகிறது என்று எழுதி அனுப்பினான்.

மேலதிகாரி மார்கரெட் போன் செய்தார்.

“இன்னா கார்த்திக், எங்கயும் நிக்கலையே. வலையப் போட்டா மீன் வருது.”

“அங்க வேற ஆளு நிக்கிறான் மேடம்.”

“அது சும்மா பொம்மைப்பா. பக்கத்துலயே போட வேண்டியதுதானே.”

அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்திலேயே வலையைப் போட்டான். மீன் வந்து விழுந்தது. படகுக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெட்கம் போய்க் கோபம் வந்தது. தொடரில் அடுத்தவன் தண்ணீரில் வலை போட்டதற்காகத்தானே ஊரே அடித்துக்கொள்ளும்? தன் ஊர்க் கதை மாதிரி இருக்கிறதென்றுதானே அதை விழுந்து விழுந்து பார்த்தான்?

“யாராச்சும் வந்து கேக்கணும் மேடம். இல்லன்னா இது அந்தக் கதையே இல்ல.”

“அதெல்லாம் இப்ப மாத்த மாட்டாங்க. கேம் நல்லாக்கீதுனு எழுது, உன்ன கன்ஃபர்ம் பண்ணிடறேன். இல்லன்னா கஷ்டம்தான்.”

நன்றாக இருக்கிறது என்று எழுதினான்.

ஞாயிற்றுக்கிழமை நைனா கூட்டத்தில் எழுந்து, “எம்புள்ள வேற வேலைக்கிப் பூட்டான்” என்றார். பாடு பங்காளி ஆதிகேசவனுக்குப் போனது. வீட்டு வாசலுக்கு வந்ததும் நைனா கேட்டார்.

“அங்க உன் எடத்த எவனும் எடுத்துக்க மாட்டானே?”

“மாட்டாங்க நைனா.”

வேலை நிரந்தரமானது. அடுத்த மழைக்காலத்துக்குள் கேமின் இரண்டாம் பாகமும் வந்தது. முதல் பாகத்தில் குறையே இல்லையென்று எழுதிக் கொடுத்திருந்ததால் அதே கடலையும் அதே படகையும் அப்படியே வைத்திருந்தார்கள். இனி வரும் பாகங்களும் உனக்குத்தான் என்று மார்கரெட் சந்தோஷமாகச் சொல்லியிருந்தார்.

வெளியே ஆதிகேசவன் நைனாவின் இடத்துக்குப் படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். கார்த்திக் அதே படகு நின்ற திரையைப் பார்த்தபடி வெகுநேரம் காத்திருந்தான். பிறகு வலையைப் போட்டான். யாரும் கேட்கவில்லை.