மேனேஜரின் மார்ப்பட்டை

மனைவியின் தோளில் ஒரு வெள்ளை முடி ஒட்டியிருப்பதை லாடக்காரர் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் பார்த்தார். குட்டையான, முரட்டு முடி. நாளெல்லாம் குதிரைகளின் காலை மடியில் வைத்துக்கொண்டு குளம்பு சீவி லாடம் அடிக்கிற ஆளுக்கு, அது என்ன முடி என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கல்யாணமான நாளிலிருந்து, "குதிரை நாத்தம் குடலைப் புடுங்குது, குளிச்சிட்டு உள்ள வாங்க" என்பதுதான் வாசலில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு. அவரும் பின்பக்கக் குழாயடியில் குளித்து, உடுப்பை மாற்றி, சோப்பு வாசனையோடுதான் சொந்த வீட்டுக்குள் நுழைந்து பழகியிருந்தார். அவளோ இப்போது தங்கை வீட்டிலிருந்து குதிரை வாசனையோடு வந்து, சிரித்த முகம் மாறாமல் தட்டை வைக்கிறாள்.

"மேனேஜர் இன்னைக்கு என்ன பண்ணாரு தெரியுமா? என் முந்தானைய மென்னுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி சுவத்த பாத்துட்டு நிக்கிறாரு!"

மேனேஜர் என்பது ஒரு குதிரை; அவளுடைய தங்கை புருஷன், அதாவது லாடக்காரரின் சகலை, வளர்ப்பது. குதிரை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்; அதன் முதுகு லாடக்காரரின் இடுப்புப் பட்டைக்கு மேலே வராது. சகலை வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்ட சமயத்தில்தான் ஊருக்கு வெளியே இருந்த ஒரு பண்ணையும் மூடப்பட்டது. யாரும் வேண்டாமென்று விட்டுப்போன இந்தப் பொடிக் குதிரையை அவன் கயிறு கட்டி வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்துவிட்டான். "நின்ன எடத்துலயே நிக்குது, வேளாவேளைக்குத் திங்குது, நம்மள மொறைக்குது. எங்க மேனேஜரேதான்" என்று பேரும் வைத்தான்.

அன்றிலிருந்து தெருவே அவன் வீட்டுக் கொல்லையில் கிடந்தது. லாடக்காரருக்கு அதுகூடப் பெரிதாக உறைக்கவில்லை. குழந்தை இல்லாத வீடு அவருடையது. அதைப் பற்றிப் பேசுவதைக் கணவனும் மனைவியும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள்; அதோடு சேர்ந்து வேறு பல பேச்சுகளும் நின்றுபோயின. அவள் வாய்விட்டுச் சிரித்து அவர் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. இந்தச் சிரிப்பு எங்கேயோ ஒளிந்திருந்திருக்கிறது. அதைத் தோண்டி எடுக்கத் தன்னால் முடியாமல், வேலையில்லாத ஒரு சகலையாலும் மேசை உயரக் குதிரையாலும் முடிந்திருக்கிறது. நெஞ்சுக்குள் யாரோ உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பதுபோல இருந்தது அவருக்கு.

"நாளைக்கு நீங்க வந்து பாத்துச் சொல்லணுமாம்" என்றாள் மனைவி. "நடக்க முடியாத பிள்ளைங்க இல்லம் இருக்குல்ல, அங்க தோட்டத்தச் சுத்தி ஒவ்வொரு பிள்ளையா உக்கார வச்சு ஓட்டுறதுக்கு ஒரு வண்டி வேணுமாம். தங்கச்சி வீட்டுக்காரருக்கு அந்த வேலைய தர்றேங்கிறாங்க. ஆனா இல்லத்து அம்மா, இத்துனூண்டு குதிரைய வதைக்கக் கூடாது, லாடக்காரர் பாத்து முடியும்னு சொன்னாத்தான் சரின்னுட்டாங்க."

"நான் குதிரைய பாத்துச் சொல்லணுமா, உன் தங்கச்சி புருஷன் மூஞ்சிய பாத்துச் சொல்லணுமா?"

அவள் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது. "குதிரைய பாத்தே சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை இல்லத்துத் தோட்டத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மாடித் தாழ்வாரத்தின் கம்பிகளுக்கு இடையே சக்கர நாற்காலிகள் வரிசையாகத் தெரிந்தன. இல்லத்து அம்மா படிக்கட்டில் நின்றார். லாடக்காரரின் மனைவி ஒரு வாளியில் தண்ணீரோடு நின்றாள்.

"வாங்க சகலை! மேனேஜர் உங்களுக்காகத் தலை சீவிட்டு நிக்கிறாரு" என்றான் சகலை. உண்மையாகவே பிடரி மயிரைச் சீவி வைத்திருந்தான். அவனுடைய சட்டையும் அன்று இஸ்திரி போட்டதாக இருந்தது.

லாடக்காரர் மண்டியிட்டு உட்கார்ந்து உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தார். பால் பல் எல்லாம் விழுந்து முளைத்த நல்ல பற்கள். வண்டி இழுக்கும் வயது ஆகிவிட்டது. கால்களை மேலிருந்து கீழாகத் தடவினார். வளைவு இல்லை, வீக்கம் இல்லை. குளம்பு கருங்கல். முதுகு குட்டையாக, விலா அகலமாக, உள்ளே மூச்சுக்கு நிறைய இடத்தோடு இருந்தது. இழுவைக்கு உயரம் ஒரு கணக்கே இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஒரு குறையாவது கிடைக்காதா என்று விரல்கள் தேடின. ஒவ்வொன்றும் சரியாக இருப்பது அவருக்கு வலித்தது.

வண்டியும் நன்றாகத்தான் இருந்தது. சைக்கிள் சக்கரம் போட்டு, மெல்லிய குழாயை வளைத்துச் செய்த லேசான வண்டி. ஒரு பிள்ளையின் எடைக்கு மணல் மூட்டை ஏற்றியிருந்தார்கள். சகலை குதிரையை இரு கம்புகளுக்கு நடுவே நிறுத்தி மார்ப்பட்டையைப் பூட்டினான். பழைய கார் ஒன்றின் சீட் பெல்ட்டை வெட்டி, உள்ளே பஞ்சு வைத்துத் தானே தைத்த பட்டை. தையல் அவ்வளவு சீராக இருந்தது. ஆனால் மார்பின் குறுக்கே கிடக்க வேண்டிய அந்தப் பட்டையைக் கழுத்தும் மார்பும் சேருகிற இடத்தில், மூச்சுக்குழலின் மேலேயே கட்டியிருந்தான். குதிரை ஓர் அடி இழுத்தால் போதும், தொண்டை நெரியும்.

லாடக்காரர் பார்த்தார். பார்த்த கணத்திலேயே புரிந்தது. எழுந்து, கைகளைத் துடைத்துக்கொண்டு, பேசாமல் தள்ளி நின்றார்.

"போலாம் சார்" என்றான் சகலை. மேனேஜர் ஓர் அடி வைத்தது. வண்டி அசைந்ததும் தலையைத் தூக்கி உதறி நின்றது. "போலாம் சார், போலாம், என் மானத்த வாங்காத" என்று அவன் கெஞ்ச, மறுபடி ஓர் அடி. கரகரவென்று ஒரு இருமல். பிறகு பின்பக்கமாக நகர்ந்து வண்டியில் முட்டிக்கொண்டது. மாடியில் கைதட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"பாவம், வாயில்லா ஜீவன்" என்றார் இல்லத்து அம்மா. "நீங்க என்ன சொல்றீங்க?"

"முடியாதும்மா" என்றார் லாடக்காரர். சொல் வெகு சுலபமாக வந்தது.

சகலை எதிர்த்துப் பேசுவான் என்று எதிர்பார்த்து அதற்கும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தார். அவன் எதிர்க்கவில்லை. "சகலை சொன்னா சரியாத்தான் இருக்கும்மா" என்றான். குதிரையின் நெற்றியைத் தடவி, "நல்லவேளை, இவர கூப்பிட்டோம். இல்லாட்டி என் பொழப்புக்காக உன்னைக் கொன்னுருப்பேன்டா" என்றான். குரல் உடைந்ததை இருமலாக மாற்றிக்கொண்டான். பிறகு படிக்கட்டுப் பக்கம் திரும்பி அந்த அம்மாவைக் கும்பிட்டான். லாடக்காரரின் மனைவி கணவனைப் பார்க்கவில்லை. வாளியைக் குதிரையின் முன்னால் வைத்தாள்.

மேனேஜர் தண்ணீரில் வாய் வைத்தது. ஒரு மடக்குக்கூட இறங்கவில்லை. பட்டை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தது. வாயோரம் தண்ணீர் ஒழுக, அது தலையைத் தூக்கி அங்கிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

மனசுக்குள் பொல்லாத எண்ணம் நுழையும்போது கடவுள் கையைப் பிடித்துத் தடுப்பதில்லை. பக்கத்திலேயே கை எட்டுகிற தூரத்தில் ஒரு சின்ன வேலையை வைத்துவிட்டு, செய்கிறானா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார் போலும். லாடக்காரரின் கை நீண்டது. தாகத்தில் நிற்கிற மிருகத்துக்குத் தண்ணீர் இறங்கட்டும் என்றுதான் பட்டையைத் தளர்த்தினார். அதன் அடியில் வெள்ளை மயிர் நசுங்கி, தோல் சிவந்திருந்தது. பார்த்த பிறகு கையை எடுத்துக்கொள்ள முடியவில்லை. பட்டையைக் கீழே இறக்கி, தோள் எலும்பின் முனைக்குச் சற்று மேலே, மார்பின் குறுக்கே படியும்படி மறுபடி பூட்டினார்.

"பட்டை தொண்டைல இருந்துச்சு" என்றார் தரையைப் பார்த்தபடி. "மனுஷன் கழுத்துல கயித்தக் கட்டி மூட்டைய இழுக்கச் சொன்ன மாதிரி. இங்க இருக்கணும்."

"அய்யய்யோ!" சகலை தலையில் கை வைத்துக்கொண்டான். "எனக்குத் தெரியலையே. இப்பத்தான் கவனிச்சீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

"இல்ல. மொதல்லயே பாத்துட்டேன்."

சகலையின் முகத்தில் ஏதோ வந்து நின்று, போக வழி தேடியது. அவன் குதிரையைப் பார்த்தான், மனைவியின் அக்காவைப் பார்த்தான், கடைசியில் பெருமூச்சு விட்டான். "சரி விடுங்க. மேனேஜர் முன்னாடி நாம சண்டை போட்டா சம்பளத்தப் புடிச்சிருவாரு."

லாடக்காரர் சிரிக்கவில்லை. கடிவாளக் கயிற்றை அவன் கையில் கொடுத்தார். "நீயே ஓட்டு. நான் பாக்கணும்."

மேனேஜர் தலையைத் தாழ்த்தி, மார்பை முன்னால் சாய்த்தது. சைக்கிள் சக்கரம் உருண்டது. பாதை திரும்பும் இடத்தில் ஒருமுறை தயங்கி, பிறகு தானே வேகம் பிடித்தது. மாடியில் கம்பிகளைத் தட்டும் சத்தம் எழுந்தது. "எங்க மேனேஜர் வேலை செய்றாரு! உலகத்துலயே மொத தடவ!" என்று கத்திக்கொண்டே சகலை கூட ஓடினான். லாடக்காரரின் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போதும் அவனைப் பார்த்துத்தான் இருந்தது. அது லாடக்காரரின் நெஞ்சில் இப்போதும் தேய்த்தது.

ஒரு சுற்று முடிந்து வண்டி வந்து நின்றது. "முடியும்தானே?" என்றார் இல்லத்து அம்மா.

"இருங்கம்மா. இழுத்தத பாத்துச் சொல்லக் கூடாது. இழுத்ததுக்கப்புறம் மூச்சு எப்படி அடங்குதுன்னு பாக்கணும்."

அவர் மண்டியிட்டு, குதிரையின் முதுகை ஒட்டி விலாவில் காதை வைத்து, கண்ணை மூடினார். உள்ளே பெரிய துருத்தி ஒன்று ஏறி இறங்கியது. கண்ணைத் திறந்தபோது, மறுபக்கம் மனைவியும் மண்டியிட்டிருந்தாள். அவளும் அவரைப் பார்த்துச் செய்கிறவளாக விலாவில் காதை அழுத்தியிருந்தாள். குதிரை அவ்வளவு சின்னது. அதன் முதுகுக்கு மேலே இருவர் முகமும் ஒரு கை தூரத்தில் இருந்தன. வியர்வையும் புல்லுமாக அவருடைய நாற்றம் முழுவதும் அங்கே இருந்தது. அவள் மூக்கைச் சுளிக்கவில்லை.

"என்ன கேக்குது?" என்றாள் மெதுவாக.

"பேசாம கேளு" என்றார் அவர்.

அவள் மூச்சு பட்டு அந்த வெள்ளை முதுகில் ஈரமான மயிர் கொஞ்சமாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது.