ஒரு சுற்று கூடுதல்

கிளட்சை முழுக்கப் பிடித்தபடி முதல் கியரைத் தட்டியதுமே வண்டி எகிறிப் போய் ஷெட்டின் கதவில் முட்டப் பார்த்தது. மெக்கானிக் பிரேக்கை மிதித்தான். இன்ஜின் இருமிவிட்டு அடங்கியது. கிளட்சைப் பிடித்தால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறவே விட்டுப்போக வேண்டும். இந்த வண்டியில் விடவில்லை. மூன்று மாதத்தில் இது மூன்றாவது முறை.

"சிக்னல்ல கிளட்சைப் பிடிச்சுட்டுத்தாண்ணா நின்னேன். வண்டி அதுபாட்டுக்கு நகருது. முன்னாடி லாரி. காலை ஊனி நிறுத்துறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு," என்றாள் தங்கை. சொல்லிவிட்டு, பழைய டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து ஷெட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். கல்யாணத்துக்கு முன் நான்கு வருஷம் இதே ஷெட்டில் அண்ணனுக்குச் சரிசமமாக நின்று வேலை பார்த்தவள். அவள் வாய்க்குப் பயந்தே வாடிக்கையாளர்கள் வண்டியைக் கழுவிக் கொண்டுவருவார்கள். இப்போது கேட்டால்தான் பேசுகிறாள். கல்யாணமானால் பொறுப்பு வரத்தானே செய்யும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

லாரி என்றதும் அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். கம்ப்ரசர் சத்தத்துக்குத் தப்பி வெளியே போய் உடனே தங்கையின் கணவருக்குப் போன் போட்டான். "மாப்பிள்ளை, இந்த வண்டியை நம்பி அவளை விட முடியாது. நீங்களே வந்து கூட்டிட்டுப் போயிடுங்க." அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "அரை மணி நேரத்துல இருப்பேன் மச்சான்," என்றார். தங்கமான மனுஷன் என்று வழக்கம்போல் நினைத்துக்கொண்டே உள்ளே வந்து ஸ்பேனரை எடுத்தான்.

முதல் முறை வந்தபோது கேபிளை மாற்றினான். இரண்டாம் முறை கேபிளில் குறை இல்லை. கேபிளின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்ஜின் பக்கத்து அட்ஜஸ்டர்தான் தளர்ந்திருந்தது. இருபதே நிமிஷத்தில் சரிசெய்து, "எப்படி? கடிகாரத்தைப் பாத்துக்கோ," என்று தங்கையிடம் பீற்றிக்கொண்டான். ஊரில் அவனுக்கு அந்த வேகத்தால்தான் பேர். இன்றைக்கு கிளட்ச் லீவரைத் தொட்டுப் பார்த்தான். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வெற்றாக ஆடியது. கேபிள் உறையை மேலிருந்து கீழ்வரை உருவிப் பார்த்தான்; மடிப்போ பிசிறோ இல்லை. கடைசியாக அட்ஜஸ்டருக்கு டார்ச் அடித்தான்.

அவன் கையால் இறுக்கிய நட்டு ஒவ்வொன்றின்மேலும், அடியிலுள்ள உலோகத்தையும் சேர்த்து, நெயில் பாலிஷால் குறுக்காக ஒரு கோடு இழுத்துவிடுவான். பெண்டாட்டி எங்கே தன் சிவப்புப் பாட்டில் என்று வீட்டில் தேடித் தேடி ஓய்ந்துவிட்டாள். நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். இந்த நட்டில் கோடு உடைந்து, பாதி இங்கும் பாதி அங்குமாக நின்றது. சரி, அதிர்வில் தளர்ந்திருக்கும் என்று விரலால் திருகிப் பார்த்தான். அசையவில்லை. ஸ்பேனர் போட்டான். கல் மாதிரி இறுகியிருந்தது.

தானாகத் தளர்ந்த நட்டு தானாக இறுகாது. யாரோ கழற்றி, கேபிளை வேண்டுமென்றே தளர்த்திவிட்டு, திரும்பவும் இறுக்கியிருக்கிறார்கள். மாப்பிள்ளையா? ஒரு நிமிஷம் ரத்தம் தலைக்கேறியது. ஆனால் டயருக்குக் காற்றடிக்கவே ஆள் தேடுகிறவர் அவர். நட்டின் முனைகளோ மழுங்காமல் புதிதாகவே இருந்தன. சரியான அளவு ஸ்பேனர், சரியான முறுக்கு. அவனுக்குத் தெரிந்து இவ்வளவு சுத்தமாக இறுக்குகிறவர்கள் இரண்டே பேர்.

அவன் நிமிர்ந்து மற்றவளைப் பார்த்தான். அவள் கண்ணை விலக்கிக்கொள்ளவில்லை.

"எதுக்குடி?"

"வண்டி ரிப்பேர்னாதான் இங்க அனுப்புவாரு," என்றாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. "தினமும் மீட்டரைப் பாப்பாருண்ணா. ஆபீசுக்குப் போக வர பதினாறு கிலோமீட்டர். பதினேழு ஓடியிருந்தா எங்க போனே, யாரைப் பாத்தேன்னு விடிய விடிய கேள்வி. போன் அவர்கிட்டதான் இருக்கு. உன் நம்பர்லேர்ந்து வந்தா அவர்தான் எடுப்பாரு."

இத்தனை நாள் போன் செய்தபோதெல்லாம் அவர் இனிக்க இனிக்கப் பேசியதும், 'அவ குளிக்கிறா மச்சான்', 'இப்பத்தான் தூங்குனா மச்சான்' என்று சொன்னதும் அவன் காதில் வரிசையாக ஓடின. ஒரு மனுஷி எத்தனை முறைதான் குளிப்பாள் என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

"சொல்லலாம்னுதான் ஒவ்வொரு தடவையும் வந்தேன். வாயெடுக்கிறதுக்குள்ள நீ சரிபண்ணிடுறே. போன தடவை இருபது நிமிஷம். அதான் இன்னைக்கு ஒரு சுத்து கூடத் திருகுனேன்."

"லாரிக்கடியில போயிருப்பியேடி, பைத்தியக்காரி!"

"தெரியும்," என்றாள். "நேத்து என் கழுத்துல கை வச்சாருண்ணா. இறுக்கலை. ஒரு கைக்குள்ள அடங்குதான்னு பாத்தேன்னு சொல்லிச் சிரிச்சாரு. நான் இனிமே அங்க போகலை."

மெக்கானிக் முதலில் சொல்லியாக வேண்டியதைச் சொன்னான். "நான் அவரைக் கூப்பிட்டுட்டேன். வந்துட்டிருக்காரு."

அவள் எழுந்துவிட்டாள். ஓடவில்லை. கருவிப் பலகைக்குப் போய் ஸ்பேனரை எடுத்துவந்து வண்டிப் பக்கத்தில் குத்துக்காலிட்டாள். "வண்டி வெளிய போகக்கூடாது," என்று மட்டும் சொன்னாள். வேலை முடியவில்லை என்று அவளை இங்கேயே இருத்த ஒரு சாக்கு வேண்டும் என்பது அவனுக்குப் புரிந்தது. அவன் ஆயிலை வடித்தான். அவள் கிளட்ச் மூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, நன்றாயிருந்த பிளேட்டுகளை உருவித் துணியில் அடுக்கினாள். முழங்கைவரை கறுப்பாயிற்று. நான்கு வருஷம் பார்த்த அதே வேகம். எத்தனையோ வண்டிகளைச் சரிசெய்த இரண்டு பேரும் ஒரு நல்ல வண்டியைப் பிரித்துப் போடுவதில் முனைந்திருந்தார்கள். தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் இருவர் கைகளும் நின்று, சத்தம் கடந்துபோனதும் மீண்டும் ஓடின.

ஒரு சத்தம் கடந்துபோகவில்லை.

மாப்பிள்ளை புது ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்றார். இன்ஜினை அணைக்கவில்லை. இஸ்திரி கலையாத சட்டை, அதே சிரிப்பு. "பாத்தீங்களா மச்சான், கியர் இல்லாத வண்டி. அவளுக்குத்தான் நேத்து எடுத்தேன். கிளட்சும் இல்லை, உங்களுக்கு இந்தத் தொல்லையும் இல்லை. இனிமே எல்லாம் கம்பெனி சர்வீஸ்தான்."

"வாங்க மாப்பிள்ளை. இங்க... இன்னும் ரெண்டு நாள் வேலை இருக்கு. அவளும் கூட இருந்தா எனக்கு ஒத்தாசையா இருக்கும்." பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் அது கெஞ்சுவது போல வந்தது.

"வண்டி கிடக்கட்டும் மச்சான். அவளை வரச் சொல்லுங்க."

தங்கை எழுந்தாள். ஆயில் சொட்டும் கைகளைத் தூக்கிக் காட்டி, "கழுவிட்டு வரேன்," என்றாள். சாமான்கள் போட்டுவைக்கும் பின்னறைக்குள் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். வெயிலைப் பற்றி ஏதோ சொன்னார். மெக்கானிக் ஏதோ பதில் சொன்னான். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. சின்னச் சத்தம்தான், ஆனால் இருவருக்கும் கேட்டது.

மாப்பிள்ளை சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். இறங்கி ஸ்டாண்டைப் போட்டார். ஆயிலும் கிரீசுமாகக் கிடந்த ஷெட்டுக்குள் நுழைவதற்குமுன், வாசலில் கிடந்த சாக்கில் ஒரு ஷூவைத் துடைத்தார். பிறகு மற்றதையும் நிதானமாகத் துடைத்தார். மெக்கானிக் நகர்ந்து போய்ப் பின்னறைக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றான். கதவுப் பலகைக்குப் பின்னால் தண்ணீர் ஓடுவது அவன் முதுகெலும்பில் அதிர்ந்தது.